ஒஸ்ரினும் ஹைலக்ஸும்

1990 ஆனியில் சண்டை மறுபடி மூண்டு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது, யாழ்ப்பாணத்தில் யாரும் எஞ்சின் மாற்றுவதைப் பற்றிக் கதைக்கவில்லை. மாற்றுவதற்கு எஞ்சின் எங்கே இருந்தது? பெற்றோல் இல்லை, பற்றி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. எஞ்சினை அப்படியே வைத்துக்கொண்டு எரிபொருளை மாற்றினார்கள். இங்கிலாந்தில் பெற்றோலுக்கென்று வார்த்த எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இன்றைக்கு நிலைமை நேர்மாறு. கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும், யப்பானில் கழற்றிய எஞ்சின் லொறியில் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, புங்குடுதீவில் எங்கள் படலைக்கு வந்து இறங்கும். அப்படியிருந்தும் என் மச்சான் தன்னுடைய ஹைலக்ஸ் பிக்கப்புக்கு எஞ்சின் மாற்றுவதா விடுவதா என்று இரண்டு மாரி கடந்தும் முடிவெடுக்கவில்லை. அவரோடு சேர்ந்து நானும் யோசிக்கிறேன். இந்த விசயத்தில் எனக்கிருக்கும் அறிவெல்லாம் அப்பாவின் ஒஸ்ரினில் பார்த்ததும் அதைச் சுற்றி நின்றவர்கள் சொல்லக் கேட்டதும்தான்.

அது ஏ55 அரைத்தொன் பிக்கப். முன்னால் கேம்பிரிட்ஜ் காரின் முகம், பின்னால் இரும்புத் தட்டு. எங்கள் தீவின் குறிகட்டுவான் இறங்குதுறைதான் அதற்குப் பிழைப்பு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற அரிசி மூட்டை, சீமெந்து, சோடாப் பெட்டி எல்லாம் அதில் வந்து படகில் ஏறும். திரும்பி வரும்போது மீன், கருவாடு, ஒடியல், சில நாள் ஆடு. ஆனியில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழா என்றால் சாமானை இறக்கிவிட்டுச் சனத்தை ஏற்றுவார் அப்பா. தேருக்கு முதல்நாள் பின்தட்டில் நின்றுகொண்டு போனவர்களில் நானும் ஒருவன். தீவுக்கு வரும் வாணர் தாம்போதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல், முகத்தில் உப்புத் தூறல். அந்தத் தூறல் வண்டிக்கு என்ன செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதன் எஞ்சின் 1489 சீசீ பி-சீரிஸ். அதே எஞ்சின்தான் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய கேம்பிரிட்ஜிலும் மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட்டிலும் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்த அம்பாசிடரும் மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட்டின் வாரிசுதான். 1959இலிருந்து அதற்குள்ளும் இதே 1489 சீசீதான் இருந்தது. ஒரே எஞ்சின் இத்தனை வண்டியில் இருந்ததால் எந்தக் கராஜிலும் அதைத் திறந்து மூடிய கை ஒன்று இருக்கும். ஒரு எஞ்சினுக்கு அதைவிடப் பெரிய பலம் வேறில்லை என்று இன்றும் நம்புகிறேன்.

சண்டை தொடங்கியபோது பிக்கப் ஏதோ திருத்த வேலைக்காக யாழ்ப்பாணப் பக்கம் நின்றது. தீவுக்கு வரும் பாதை அடைபட்டுவிட, அது அங்கேயே நின்றுவிட்டது. 1991 ஐப்பசியில் புங்குடுதீவை விட்டு நாங்களும் வெளிக்கிட்டோம். வள்ளத்தில் கடல் கடந்து, கையில் கிடைத்த மூட்டையோடு போய்ச் சேர்ந்த வீட்டு வளவில் அது நின்றது. எங்கள் சொத்தில் எங்களுக்கு முதல் இடம்பெயர்ந்தது அதுதான்.

மண்ணெண்ணெயில் அதை ஓட்டிய முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. ஆகவே சூப்பி வேண்டும். சின்னப் பிளாஸ்ரிக் போத்தல், மூடியில் ஒரு துளை, அதில் ஒரு குழாய்த் துண்டு. உள்ளே கொஞ்சப் பெற்றோல். அந்தக் கொஞ்சம் வீட்டில் நகைக்குப் பக்கத்தில் இருக்கும். அப்பா பொனற்றைத் திறந்து காபரேற்றருக்குள் சூப்பியால் இரண்டு தரம் பீச்சுவார். பற்றிக்குப் பலம் இல்லாததால் செல்ஃப் ஸ்ராட் கிடையாது. முன்னால் ஹான்டிலைப் போட்டு அண்ணா சுற்றுவார். பிடித்ததும் சூப்பியாலேயே சொட்டுச் சொட்டாகக் கொடுத்து எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க் குழாயின் திறப்பைத் திருப்புவார். சூடு இறங்கக் கூடாதென்று றேடியேற்றருக்கு முன்னால் பாதிக்குச் சாக்குக் கட்டியிருக்கும். வெள்ளைப் புகை முற்றத்தை மூடும். அம்மா கொடியில் காயும் உடுப்பை எடுத்துக்கொண்டு ஓடுவா.

உள்ளே நடந்தது இன்னும் நுட்பமானது. மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடித்து எஞ்சினைத் தட்டும். அதைத் தடுக்க டிஸ்ரிபியூற்றரைக் கொஞ்சம் திருப்பிப் பொறி விழும் நேரத்தைப் பிந்தவைத்தார்கள். ஹெட்டுக்குக் கீழே தடித்த கஸ்கற் போட்டு அமுக்கத்தைக் குறைத்தார்கள். பழைய எஞ்சின்களுக்கு அமுக்கம் ஏற்கெனவே குறைவு. அதுதான் அவற்றைக் காப்பாற்றியது. எரியாத மண்ணெண்ணெய் றிங் வழியாக இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தால் மட்டம் குறைவதற்குப் பதிலாக நாளுக்கு நாள் ஏறியிருக்கும். ஒயில் தண்ணீராகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அப்பா அந்தக் கம்பியை விரலால் துடைத்து, மூக்கில் வைத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்த்துப் பார்ப்பார். மாற்றுவதற்குப் புது ஒயில் இருந்தால்தானே! வடித்துத் தெளியவைத்த பழைய ஒயிலையே திரும்ப ஊற்றிய காலமும் உண்டு.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் சனம் அடிக்கு அடி நகர்ந்தது. அந்த வேகத்தில் எந்த எஞ்சினும் கொதிக்கும், மண்ணெண்ணெயில் ஓடுவது இன்னும் கெதியாய்க் கொதிக்கும். அதனால் அணைத்துவிட்டுத் தள்ளினோம். முன்னிருக்கையில் அப்பம்மா, பின்தட்டில் அயல் வீட்டுக் குழந்தைகளும் எங்கள் மூட்டைகளும் அவர்களின் மூட்டைகளும். தெரியாத மனிதர்கள் வந்து தோள் கொடுத்தார்கள். சாவகச்சேரிப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. அந்த வண்டி வைத்திருக்கப் பெறுமதியானதா என்று அந்த வருசங்களில் எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இருந்தது, ஆகவே ஓடவைத்தோம்.

பெறுமதி பற்றிய பேச்சு சமாதான காலத்தில்தான் வந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்ததும் கொழும்புச் சாமான்கள் வந்து குவிந்தன. நாங்கள் மறுபடி ஊரில் குடியிருந்த நேரம். மண்ணெண்ணெய் தின்ற எஞ்சின் புகைத்துக்கொண்டிருந்தது, மூட்டை ஏற்றினால் இழுக்கவில்லை. பழக்கமான மெக்கானிக் அண்ணை ஒருவர் ரொயோட்டா 2சி போடச் சொன்னார். 1974 சீசீ டீசல். டீசலில் செலவு பாதியாகும், இழுவை கூடும். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படி டீசல் போட்டு ஓடிய ஒக்ஸ்ஃபோர்ட்டுகள் கண்ணுக்கு முன்னால் நின்றன. அம்பாசிடரே 1990களில் இசுசு எஞ்சினுக்கு மாறிவிட்டது. அந்த எஞ்சின் மாற்றத்தின் தயவில் அந்தப் பழைய உடம்பு 2014 வரை தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அப்பா அன்று மெக்கானிக்குச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “எஞ்சினை மாத்தினா கியர்பொக்ஸ் பொருந்தாது, அதை மாத்தோணும். கியர்பொக்ஸ் மாறினா புறப்பெலர் சாவ்ற்றை வெட்டி ஒட்டோணும். டீசல் பாரம், முன் ஸ்பிறிங் தாங்காது. கூடக் கெதியா ஓடும், பிறேக் காணாது. எல்லாம் மாத்தி முடிய அந்த அடி அந்தக் குலுக்கத்தைத் தாங்குமோ எண்டு சொல்லு பாப்பம்.”

மெக்கானிக் அண்ணை குனிந்து அடியைப் பார்த்தார். பிறகு மாற்றுப் பேச்சு எடுக்கவில்லை. எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்ரன் போட்டுத் திரும்ப ஏற்றினார்கள். இறக்கியது கிரேனால் அல்ல; மூன்று பனங்குற்றியை முக்காலியாகக் கட்டி, செயின் புளொக் தொங்கவிட்டு. மண்ணெண்ணெயைக் கண்டிராத எஞ்சின் மாதிரி அது சத்தமின்றி ஓடியது. ஆனால் வண்டி நிலைக்கவில்லை. தாம்போதியின் உப்புத் தூறல் வருசக் கணக்காக அடியில் செய்த வேலை முடிவுக்கு வந்தது. பின் ஸ்பிறிங் பிடிக்கும் இடத்தில் இரும்பு கறளேறி உக்கி, கையால் பிய்க்க வந்தது. கடைசியில் உடம்பு பழைய இரும்புக்காரனிடம் போயிற்று. எஞ்சினை யாழ்ப்பாணத்தில் மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் வைத்திருந்த ஒருவர் வாங்கிக்கொண்டு போய்த் தன் காருக்குப் போட்டார். அப்பா மாற்ற மறுத்த அந்த எஞ்சின், இன்னொருவரின் வண்டிக்கு மாற்று எஞ்சினாகப் போய் இன்னும் கொஞ்சக் காலம் வாழ்ந்தது. அப்பாவுக்கு அதில் பெரிய நிறைவு. நல்லூர்ப் பக்கம் போனால் அந்தக் காரைத் தேடிப் பார்த்துவிட்டு வருவார்.

இனி மச்சானின் ஹைலக்ஸ். அதற்குள் இருப்பது 2எல், 2446 சீசீ டீசல். அதற்கும் வேலை குறிகட்டுவானில்தான், ஒஸ்ரின் ஏற்றிய அதே சாமான்கள்தான். சோடாப் பெட்டியின் இடத்தில் தண்ணீர்ப் போத்தல் கட்டு, ஆட்டின் இடத்தில் ஐஸ் போட்ட மீன் பெட்டி. காலையில் ஸ்ராட் எடுக்க நேரம் எடுக்கிறது. ஓடும் எஞ்சினில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை மூச்சு விடுகிறது, றிங் தேய்ந்துவிட்டது. றேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தோம், தண்ணீருக்குள் குமிழி வந்தது. ஹெட் வெடித்திருக்கலாம். இந்த 2எல் எஞ்சினுக்கு ஹெட் வெடிப்பது தெரிந்த வியாதி. ஒருதரம் நன்றாகச் சூடேறிவிட்டால் தாங்காது.

ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணா ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கதைதான். “அந்தப் பழசைத் தள்ளிப்போட்டுப் புதுசு எடுக்கச் சொல்லு. நான் காசு போடுறன்.” அவருடைய அன்பில் குறையில்லை. ஆனால் இலங்கை 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்குத் திறந்ததே 2025 பெப்ரவரியில். வரியோடு சேர்த்துப் புதுப் பிக்கப் ஒன்றின் விலை கோடிக் கணக்கில் நிற்கிறது. மீன் பெட்டி ஏற்றிப் பிழைக்கிறவருக்கு அது கட்டாது. அந்தக் காசு வந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். புதுப் பிக்கப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் அதை வாசிக்கும் கருவி யாழ்ப்பாணத்தில், வாசித்தபின் வேண்டிய பாகம் கொழும்பில். நெடுந்தீவுக்காரருக்கு இது இன்னும் கடினம். அங்கே நிற்கும் பிக்கப்புகளுக்கும் லாண்ட்மாஸ்ரர்களுக்கும் ஒரு நட்டு என்றாலும் கடல் கடந்து வரவேண்டும், வண்டியே போவதென்றால் படகில் ஏறவேண்டும்.

ஆகவே எஞ்சின் மாற்றுவது என்ற பக்கம்தான் நான். எது என்பதில்தான் மச்சானும் அவருடைய மகனும் பிரிந்து நிற்கிறார்கள். மகனுக்குப் பிந்திய ஹைலக்ஸில் வந்த 2கேடி வேண்டும். 2494 சீசீ, கொமன் றெயில், குறைந்த டீசலில் கூடின இழுவை. காகிதத்தில் அதை வெல்ல முடியாது. ஆனால் அதற்கு மூளைப் பெட்டி வேண்டும், வயர் கட்டு முழுவதும் மாறவேண்டும், சென்சர் ஒவ்வொன்றும் உப்புக்காற்றில் பச்சை பிடிக்காமல் இருக்கவேண்டும். அதன் இன்ஜெக்ரர் மிகமிக நுண்ணிய துளையால் மிகுந்த அமுக்கத்தில் பீச்சுகிறது. பரலில் உருட்டி வந்த டீசலில் கொஞ்சத் தண்ணீர் கலந்திருந்தாலும் அதற்கு ஆகாது. தீவுகளில் பரல் டீசல் எப்போது ஊற்றவேண்டி வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

அதனால்தான் நான் 3எல் என்கிறேன். 2779 சீசீ, அதே எல் குடும்பம். எஞ்சின் தாங்கிகளும் கியர்பொக்ஸும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். அப்பா விரல் மடித்து எண்ணிய அந்தச் சங்கிலி இங்கே தொடங்காது. இன்ஜெக்ரர் பம்ப் முழுக்க இயந்திரம், கணினி இல்லை. வேலணையிலும் சரி ஊர்காவற்றுறையிலும் சரி அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 5எல் கிடைத்தாலும் குறையில்லை.

எஞ்சின் மாற்றினால் பத்திர வேலையும் இருக்கிறது. எஞ்சின் இலக்கம் பதிவில் மாறவேண்டும், வாங்கிய சீட்டு வேண்டும், பரிசோதகர் பார்க்கவேண்டும், புகைப் பரிசோதனையும் வருசா வருசம் உண்டு. மண்ணெண்ணெய்ப் புகையோடு ஓடிய நாளில் வண்டிக்கு எந்த இலக்கம் என்று கேட்க ஆளில்லை. அது நல்ல காலம் என்று சொல்ல நான் வரவில்லை. கேட்க ஆளிருப்பது நல்லதுதான். களவு எஞ்சினும் வெட்டி ஒட்டிய செஸியும் றோட்டில் ஓடாமல் இருக்க இதைவிட வேறு வழியில்லை. மச்சானுக்கு மட்டும் அலைச்சல் என்றால் பயம். அதை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன்.

2022இன் எரிபொருள் தட்டுப்பாடு இந்த யோசனையை இன்னும் கூர்மையாக்கியது. அந்த ஆனிக் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய். பிறகு கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் வான்களுக்கு வாரம் 20 லீற்றர். ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. வெளியிணைப்பு எஞ்சின் படகுக்காரர்களுக்கு அது இடி. எங்கள் கரையில் படகுகள் கவிழ்த்துவைத்தபடி கிடந்தன. வயதானவர்கள் சூப்பியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஆனால் சூப்பிக்கு ஏற்ற எஞ்சின் ஊரில் மிஞ்சியிருக்கவில்லை. பெற்றோல் இன்ஜெக்சனுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினால் அது போராடிப் பார்க்காது, நின்றுவிடும். 1990இல் சனத்தைக் காப்பாற்றியது சனத்தின் கெட்டித்தனம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். கெட்டித்தனம் உண்மை. கையால் திறந்து மாற்றியமைக்க இடம் கொடுத்த எஞ்சின் இருந்ததும் அதே அளவு உண்மை. இளைய தலைமுறைக்கு அந்தக் கை இல்லை என்று குறைப்படுவது நியாயமில்லை. அவர்கள் கையில் கிடைக்கும் எஞ்சின்கள் அந்த இடத்தைத் தருவதில்லை.

தீவுகளே தங்கள் எஞ்சினை மாற்றும் நிலையில்தான் இருக்கின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்தொகுதியோடு இணையாதவை. டீசல் ஜெனரேற்றரில்தான் விளக்கு எரிந்துவந்தது. காற்றும் வெயிலும் மின்கலமும் சேர்ந்த திட்டம் 2021 சனவரியில் ஒரு சீனக் கம்பனிக்குப் போய், இந்தியா மறுப்புச் சொல்லி, 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையாக மாறி, 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அயல் வல்லரசுகள் எங்கள் மின்குமிழுக்குப் போட்டியிட்டதை வேறொரு நாள் எழுதவேண்டும். இங்கே சொல்லவந்தது, அந்தப் புதுத் திட்டத்திலும் டீசல் காத்திருப்பு எஞ்சினாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதை. காற்று விழுந்து மழை மூடிய நாளில் எதைத் திருப்பினால் எரியும் என்று திட்டம் போட்டவர்களும் யோசித்திருக்கிறார்கள். மச்சானின் வண்டிக்கு நான் யோசிப்பதும் அதுதான்.

போன கிழமை ஹைலக்ஸை மேடையில் ஏற்றி, சுத்தியலோடு அடியில் படுத்தோம். மச்சான் தட்ட, மகன் காது கொடுத்தான். முன் பாதி முழுவதும் டங் டங் என்று கேட்டது. பின் ஸ்பிறிங் தொங்கும் இடத்துக்கு வந்ததும் சத்தம் ஒடுங்கி, கறள் தகடு தகடாக மச்சானின் நெஞ்சில் விழுந்தது. நான் விரலை விட்டுப் பார்த்தேன். மேல்தகடு போய்விட்டது, உள்தகடு இன்னும் உரமாக இருக்கிறது. ஒஸ்ரினுக்கு வந்த அதே இடம். ஆனால் இந்த முறை நேரத்தோடு கண்டுவிட்டோம்.

“மாமா, அப்ப எஞ்சின் எடுக்கவேண்டாமோ?” என்றான் மகன்.

“எடுப்பம். முதல் இதை வெட்டிப் புதுத் தகடு ஒட்டுவம். எஞ்சின் பிறகு.”

அவனுக்கு அது பின்போடுகிற பேச்சாகப் பட்டிருக்கவேண்டும், முகம் வாடிவிட்டது. மச்சான்தான் கணக்கை வெளிச்சமாக்கினார். எஞ்சினுக்கென்று வைத்த காசில் ஒரு பங்கு செஸிக்குப் போகும். மீதிக்கு 3எல் வரும், 2கேடி வராது. அதோடு அவர்களுக்குள் இருந்த வழக்கும் முடிந்தது. ஒட்டுகிறவர் வேலணையிலிருந்து திங்கட்கிழமை வருகிறார். தகடு தடித்ததாக, உள்ளும் புறமும் கறள் தடுக்கும் பூச்சோடு இருக்கவேண்டும், ஒட்டிய இடத்துக்குள் பழைய ஒயில் விசிறவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தை பிறந்ததும் மகனும் நானும் பஞ்சிகாவத்தைக்குப் போகிறோம். அமுக்கம் அளக்கும் கருவியை ஊர்க் கராஜில் கேட்டு வைத்தாயிற்று. நாலு சிலிண்டரையும் அளந்து, ஓடவைத்து, ஒயில் மூடியைத் திறந்து பார்த்து, இலக்கத்தோடு சீட்டு எழுதி வாங்கிய பிறகுதான் காசு கைமாறும். அளக்க விடாத கடை என்றால் அடுத்த கடை.